கோவை புறநகரில் சைட் வாங்கும் முன் நிலத்தின் வாகைப் பாருங்கள்

சத்தி ரோட்டில் கோவில்பாளையம் தாண்டி உள்ளே போகும் ஒரு லேஅவுட்டில் 4 சென்ட் வாங்கினேன். இடம் பார்க்கப் போனது மாசி மாதம். தரை காய்ந்து, கல் நட்டு, செம்மண் ரோடு போட்டு, பளிச்சென்று இருந்தது. அந்த ஐப்பசியில் ஒரே ராத்திரி பெய்த மழைக்கு என் மனைக்கல் நாலில் இரண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. அதற்கப்புறம் மண் கொட்டி மேடாக்கவே ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆனது, பட்டா மாற ஏழு மாதம் அலைந்தேன். இரண்டுமே முன்னால் நாலு நாள் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும் விஷயங்கள். வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து சரவணம்பட்டி, கீரணத்தம், நீலாம்பூர், சூலூர், துடியலூர், வெள்ளலூர் என்று இடம் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

ஒரு வார்த்தை முதலில். இங்கே மனைக்கு சைட் என்றுதான் சொல்வார்கள், அளவு சென்ட் கணக்கு. 1 சென்ட் 435.6 சதுர அடி, 100 சென்ட் ஒரு ஏக்கர். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். 1 ஏர் என்பது ஏறக்குறைய 2.47 சென்ட். இந்தக் கணக்கைப் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், புரோக்கர் வாய்க்கணக்கு சொல்லும்போது உடனே சரிபார்க்கலாம்.

1. ஊரின் சாய்வைத் தெரிந்துகொள்ளுங்கள்

கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, அதில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு வாசல் போலத் திறந்திருக்கிறது. நிலம் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. வெள்ளியங்கிரி மலைப் பக்கம் பிறக்கும் நொய்யல் அதே சாய்வில் சூலூர், திருப்பூர் வழியாகப் போய்க் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. வடக்குப் புறநகரில் இடம் பார்க்கிறவர்கள் இன்னொரு ஆற்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அது கௌசிகா நதி. குருடி மலை அடிவாரத்தில் தொடங்கி, கோவில்பாளையம் பக்கமாகக் கிழக்கே போய், வஞ்சிபாளையம் அருகே நொய்யலில் சேர்கிறது. வருடத்தில் பெரும்பாலும் காய்ந்தே கிடப்பதால் அதை ஆறு என்றே பலரும் நினைப்பதில்லை. என் லேஅவுட் அதற்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஒரு சின்னப் பள்ளத்தின் மேல்தான் இருக்கிறது.

கொங்கு நாட்டில் பள்ளம் என்றால் குழி மட்டும் இல்லை, ஓடைக்கும் அதுதான் பெயர். சங்கனூர்ப் பள்ளம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வடமேற்கு அடிவாரத்து மழைத்தண்ணீரை நகருக்குள்ளேயே கொண்டுவரும் ஓடை அது. அதனால் யாராவது "பள்ளத்தோரம்", "பள்ளத்துக் காடு" என்று சொன்னால் உடனே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரும் கொஞ்சம் சொல்லும். மேடு என்று முடிகிற ஊருக்கும், பள்ளம், குளம், குட்டை என்று வருகிற ஊருக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. பெயரை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம், ஆனால் அங்கே போனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி கிடைத்துவிடும்.

2. மழை பெய்த மறுநாள் காலை போங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். கோவை மழை மறைவுப் பகுதி, சமவெளியில் வருடத்துக்கு 600, 700 மில்லிமீட்டர்தான் சராசரி. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களிலேயே கொட்டிவிடும். மற்ற பத்து மாதமும் எந்தச் சைட்டும் நல்ல சைட்டாகத்தான் தெரியும்.

போனால் மனைக்குள் மட்டும் நின்று பார்த்துவிட்டு வராதீர்கள். லேஅவுட்டின் நாலு மூலைக்கும் நடங்கள். தண்ணீர் எங்கிருந்து உள்ளே வருகிறது, எங்கே வெளியே போகிறது என்று பாருங்கள். வெளியே போகும் இடம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அது உள்ளேதான் நிற்கப்போகிறது. ரோட்டோரம் மின்கம்பத்தில், காம்பவுண்டுச் சுவரில் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். என் லேஅவுட்டில் மூன்றாவது குறுக்கு ரோட்டுக் கம்பத்தில் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு இருந்தது. மாசியில் நான் போனபோதும் அது அங்கேதான் இருந்திருக்கும். அந்தக் கம்பத்தில் சாய்ந்து நின்றுதான் விலை பேசினேன்.

மழைக்காலம் வரை காத்திருக்க முடியாது என்றால் பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கேளுங்கள். லேஅவுட் ஆபீசில் கேட்பதில் பிரயோஜனம் இல்லை, அவர்கள் விற்க உட்கார்ந்திருக்கிறார்கள். ஆடு மேய்க்கிறவர், பால் ஊற்றுகிறவர், டீக்கடைக்காரர், இவர்களில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். தண்ணீர் நின்ற பிறகு ஒரு நாள், வேலி ஓரமாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், "ஏனுங்க ஐயா, இங்க எப்பவுமே இப்படித்தான் நிக்குமுங்களா?" என்று கேட்டேன். "இது பள்ளத்துக் காடு கண்ணு. எங்கப்பன் காலத்துல இங்க சோளங்கூட வெதைக்க மாட்டாங்க, கத்தாழைதான் கெடக்கும். வாங்கறதுக்கு முன்ன ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பனே சாமி" என்றார். அவர் தினமும் அங்கேயேதான் இருந்திருக்கிறார்.

மண்ணையும் பாருங்கள். செம்மண்ணும் சல்லியும் கலந்த தரை அஸ்திவாரத்துக்கு நல்லது. கரிசல் மண் மழையில் ஊதி, வெயிலில் பிளக்கும். அதில் அஸ்திவாரம் ஆழமாகப் போக வேண்டும், செலவு கூடும். லேஅவுட் முழுக்கப் புதிதாகச் செம்மண் பரப்பியிருந்தால் அடியில் என்ன இருக்கிறது என்று இரண்டடி தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மூடப்பட்ட பாறைக்குழி மேல் போட்ட மனையும் உண்டு, அதில் தரை வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும்.

3. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்

கோவை என்றாலே சிறுவாணித் தண்ணி என்று நினைத்து வருகிறார்கள். சிறுவாணி எல்லாப் பகுதிக்கும் வராது. பவானி ஆற்றின் பில்லூர் அணையிலிருந்து வரும் திட்டங்கள் ஒரு பக்கம், ஆழியாறு ஒரு பக்கம் என்று பகுதிக்குப் பகுதி மாறும். எந்தத் திட்டம் என்பதை விட, எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எத்தனை மணி நேரம் வருகிறது என்று அதே தெருவில் குடியிருக்கும் ஒரு வீட்டில் கேளுங்கள். லேஅவுட்டில் பைப் புதைத்திருக்கிறது என்றால் அதில் தண்ணீர் வருகிறது என்று ஆகாது. மேல்நிலைத் தொட்டியில் இணைப்புக் கொடுத்திருக்கிறார்களா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

போர்வெல் என்றால் இங்கே அடியில் கடினப் பாறை. பாறை வெடிப்பில் ஊறும் தண்ணீர்தான், அதனால் ஒரு சைட்டில் 400 அடியில் கிடைப்பது அடுத்த சைட்டில் 900 அடிக்கும் கிடைக்காமல் போகலாம். பக்கத்தில் நாலு வீட்டில் ஆழம், எந்த வருடம் போட்டது, நல்ல தண்ணியா உப்புத் தண்ணியா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் நடைமுறைக்கு வந்து 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணீர் விடும் ஏற்பாடு வந்திருக்கிறது. அன்னூர், அவிநாசிப் பக்கம் இடம் பார்க்கிறவர்கள் அருகில் அந்தத் திட்டத்தில் சேர்ந்த குட்டை இருக்கிறதா என்று விசாரியுங்கள், போர்த் தண்ணீருக்கு அது பெரிய பலம். அதே குட்டையின் கரைக்குக் கீழே சைட் இருந்தால் ஊற்று எடுக்குமா என்றும் பார்க்க வேண்டும்.

4. ஆனி ஆடிக் காற்று

ஆனியிலிருந்து ஆவணி வரை கணவாய் வழியாக மேல்காற்று அடித்துக்கொண்டே இருக்கும். வெயில் குறைவுக்கு அதுதான் காரணம், ஆனால் அதே காற்று மேற்கே இருப்பதையெல்லாம் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும். மனைக்கு மேற்கே இரண்டு கிலோமீட்டருக்குள் குப்பைக் கிடங்கு, இரும்பு வார்க்கும் பவுண்டரி, கல்குவாரி, கோழிப்பண்ணை, சாயப்பட்டறை எதுவும் இருக்கிறதா என்று செயற்கைக்கோள் வரைபடத்தில் பாருங்கள். குப்பைக் கிடங்கு இருக்கிற வெள்ளலூர்ப் பக்கம் பார்க்கிறவர்கள் கட்டாயம் ஆடியில் ஒரு சாயங்காலம் போய் நின்று பாருங்கள்.

தடாகம், தொண்டாமுத்தூர், ஆலாந்துறை என்று மலையடிவாரம் பக்கம் மனது போனால் இரண்டு விஷயம். யானை வரும், அது வழக்கமாகப் போய்வரும் இடம். அப்புறம், மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமமா என்று பாருங்கள். இங்கே ஹாகா என்பார்கள். பட்டியலில் இருந்தால் டிடிசிபி என்கிற நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் மட்டும் போதாது, அந்த அனுமதியும் வேண்டும்.

5. காகிதத்தைத் தரையோடு ஒட்டிப் பாருங்கள்

முதலில் வருவாய்க் கிராமத்தின் பெயரைக் கேளுங்கள். விளம்பரத்தில் சரவணம்பட்டி என்று போட்டிருக்கும், பத்திரத்தில் கீரணத்தமோ கொண்டையம்பாளையமோ இருக்கும். வழிகாட்டி மதிப்பு (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் விலை), வரி, தண்ணீர் இணைப்பு எல்லாம் பத்திரத்தில் உள்ள ஊரைப் பொறுத்தது. 2011இல் சரவணம்பட்டி, துடியலூர், வெள்ளக்கிணறு, சின்னவேடம்பட்டி, காளப்பட்டி, வீரகேரளம், வடவள்ளிப் பேரூராட்சிகளும் விளாங்குறிச்சி ஊராட்சியும் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும் மாநகராட்சியில் சேர்ந்தன. 2021இல் கருமத்தம்பட்டி, காரமடை, கூடலூர், மதுக்கரை நகராட்சி ஆயின. "பார்டர்லதாங்க இருக்கு, அடுத்த வருஷம் சேர்த்துருவாங்க" என்று சொல்வார்கள். இன்றைக்கு எந்த உள்ளாட்சியோ அதற்கான விலையை மட்டும் கொடுங்கள்.

சர்வே எண் கிடைத்ததும் தமிழக அரசின் நிலப்பதிவேட்டு இணையதளத்தில் மூன்றை எடுங்கள்: பட்டா சிட்டா, அ-பதிவேடு, எஃப்எம்பி என்கிற புலப்படம். மூன்றும் இலவசமாகவே பார்க்கலாம், பத்து நிமிட வேலை.

அ-பதிவேட்டில் அந்த எண் புஞ்சையா, நஞ்சையா, புறம்போக்கா என்று இருக்கும். புலப்படத்தை அச்செடுத்து நேரில் கொண்டுபோங்கள். பக்கத்து எண்களின் படத்தையும் சேர்த்தே எடுங்கள், நான் விட்டது இதைத்தான். என் எண்ணின் படத்தில் ஓடை இல்லை. தெற்குப் பக்கத்து எண்ணில் ஓடைப் புறம்போக்கு என்று தெளிவாக வரைந்திருக்கிறது, அது என் எல்லைக்கல்லைத் தொட்டுக்கொண்டு போகிறது. தரையில் அந்த ஓடையை மூடி லேஅவுட் ரோடு போட்டுவிட்டார்கள். தண்ணீர் பழைய வழியைத் தேடி வந்து என் மனையில் நின்றது.

அடுத்து வழி. லேஅவுட்டுக்குள் 30 அடி ரோடு இருக்கும், மெயின் ரோட்டிலிருந்து லேஅவுட் வரைக்கும் வருவது எது? பல இடங்களில் அது பழைய இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகும் அளவுக்குப் பாதை. புலப்படத்தில் அது வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் சரி. யாரோ ஒருவரின் பட்டா நிலத்து வழியே விடும் பாதை என்றால் நாளைக்கு அவர் கேட் போட்டுவிடலாம். மேலே உயர் மின்கோபுரக் கம்பி போகிறதா என்பதையும் அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

6. டிடிசிபி ஒப்புதலும் ரெராவும்

"பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். லேஅவுட்டுக்கு ஒப்புதல் தருவது நகர் ஊரமைப்புத் துறைதான். ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட படத்துக்கு மதிப்பில்லை. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் விற்கப்பட்ட அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறை செய்ய 2017இல் விதி வந்தது. பழைய மனையை மறுவிற்பனையில் வாங்கினால் அந்த மனை எண்ணுக்கே தந்த வரன்முறை உத்தரவைக் கேளுங்கள். லேஅவுட் மொத்தத்துக்கும் தந்த உத்தரவைக் காட்டி முடித்துக்கொள்ளப் பார்ப்பார்கள், உங்கள் மனைக்குத் தனியாக வேண்டும்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புது லேஅவுட்டுகளை ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிய வேண்டும். பதிவு எண்ணை ரெரா இணையதளத்தில் போட்டால் ஒப்புதல் படம் வரும். அந்தப் படத்தில் உங்கள் மனை எண் பூங்காவுக்கு விட்ட இடத்திலோ ரோட்டிலோ வருகிறதா என்று ஒப்பிடுங்கள். ரோடும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் தெருவிளக்கும் சாக்கடையும் உங்கள் தலையில்தான்.

7. வில்லங்கமும் தாய்ப்பத்திரமும்

பதிவுத்துறை இணையதளத்தில் இசி என்கிற வில்லங்கச் சான்றை இலவசமாகப் பார்க்கலாம். குறைந்தது 30 வருடம் பாருங்கள், வங்கியும் அதைத்தான் கேட்கும். மனையின் எண்ணுக்கு மட்டும் போடாமல் பிரிக்கப்படாத பழைய சர்வே எண்ணுக்கும் போடுங்கள். அடமானம், பாகப்பிரிவினை, பவர் (விற்க இன்னொருவருக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) எல்லாம் பழைய எண்ணில்தான் ஒளிந்திருக்கும்.

தோட்டத்தைப் பிரித்து விற்ற இடங்களில் கூட்டுப் பட்டா, பெண்பிள்ளைகளின் கையெழுத்து விட்டுப்போனது, இவை இரண்டும்தான் அதிகம் பார்க்கிற சிக்கல். பவர் வைத்து விற்கிறவரிடம் பவர் கொடுத்தவரின் உயிர்ச்சான்றைக் கேளுங்கள், பவர் ரத்தாகவில்லை என்பதை இசியில் பாருங்கள். கோவில் நிலமா என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

வக்கீல் உங்கள் வக்கீலாக இருக்க வேண்டும், லேஅவுட்காரர் காட்டுகிறவர் வேண்டாம். எனக்கு ஒப்பீனியனுக்கு 6,000 ரூபாய், பன்னிரண்டு நாள் ஆனது. வங்கிக் கடன் எடுக்காவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

8. "வரப்போகுது" என்பதற்குப் பணம் கொடுக்காதீர்கள்

மெட்ரோ வரப்போகிறது, ஐடி பார்க் வரப்போகிறது, ரிங் ரோடு வரப்போகிறது. மைல்கல் என்கிற இடத்திலிருந்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரைக்குமான மேற்குப் புறவழிச்சாலை பற்றிப் பேசாத புரோக்கர் மேற்குப் பக்கத்தில் கிடையாது. ரோடு பக்கத்தில் போனால் லாபம், மனை மேலேயே போனால்? நில எடுப்புப் பட்டியலில் உங்கள் சர்வே எண் இருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சூலூர் விமானப்படைத் தளம், பீளமேடு விமான நிலையம் அருகில் என்றால் கட்டட உயரக் கட்டுப்பாட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

9. செலவுக் கணக்கு

முத்திரைத்தாள் வரி 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை, இதில் எது அதிகமோ அதற்கு. உதாரணத்துக்கு 4 சென்ட் என்றால் 1,742 சதுர அடி. சதுர அடி 800 ரூபாய் என்று வைத்தால் 13.94 லட்சம், அதற்கு 9 சதவீதம் ஒன்றேகால் லட்சம். 10 லட்சத்துக்குள் உள்ள மனையைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 1 சதவீத வருமான வரியைப் பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும், அது தெரியாமல் பின்னால் அபராதம் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

இதற்கு மேல் பத்திரம் எழுதும் கூலி, வக்கீல், தனியார் சர்வேயர், வேலிக்கல். தாழ்ந்த மனை என்றால் மண் லோடு. லோடு கணக்கில் பேசாமல் உயரக் கணக்கில் பேசுங்கள். எனக்கு மூன்றடி ஏற்றுவதற்கு முதலில் சொன்னதைப் போல இரண்டு மடங்கு லோடு ஆனது.

அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். பதிவு செய்த கிரய ஒப்பந்தம் போட்டு, வங்கி வழியாகக் கொடுங்கள். ஒப்பந்தத்தில் மூன்று மாதமாவது கெடு கேளுங்கள். விசாரிக்க, அளக்க, கடன் வாங்க அவ்வளவு தேவைப்படுகிறது. எனக்கு முதல் நாள் பார்த்ததிலிருந்து பத்திரம் வரை நாலு மாதம்.

10. பத்திர நாளும் பட்டாவும்

பத்திரத்துக்கு முந்தைய வாரம் சர்வேயரை வைத்து நாலு கல்லையும் அளந்துவிடுங்கள். பத்திர வரைவை இரண்டு நாள் முன்னதாகவே வாங்கி, நாலு எல்லையையும் மனை எண்ணையும் சர்வே உட்பிரிவு எண்ணையும் நீங்களே படித்துப் பாருங்கள். பத்திர நாள் காலையில் இசியை இன்னொரு தடவை எடுத்துவிட்டுப் போங்கள். ஆதார், பான், மனையின் புகைப்படம், அசல் தாய்ப்பத்திரம் இவை கையில் இருக்க வேண்டும்.

பட்டாவில் எனக்கு ஏழு மாதம் போனதற்குக் காரணம், லேஅவுட் போட்டவர் மனைகளை உட்பிரிவு செய்யாமலே விற்றது. உட்பிரிவு ஏற்கெனவே ஆகி, மனைக்குத் தனி எண் இருந்தால், பத்திரம் முடிந்ததும் பட்டா தானாகவே மாறும் வசதி இருக்கிறது. ஆகவில்லை என்றால் சர்வேயர் வந்து அளந்து, படம் வரைந்து, அப்புறம்தான் மாறும். அட்வான்ஸுக்கு முன்பே "உட்பிரிவு ஆயிருச்சுங்களா, எண் என்னங்க?" என்று கேளுங்கள், அந்த எண்ணை இணையதளத்தில் போட்டுப் பாருங்கள்.

பட்டா வந்த கையோடு காலிமனை வரி ரசீதையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வீடு கட்ட, 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரைக்கும் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி வாங்கலாம், 2024 ஜூலையிலிருந்து இந்த வசதி இருக்கிறது. அஸ்திவாரம் தோண்டும் முன் எதிர் ரோட்டின் மட்டத்தைப் பார்த்து, அதற்கு மேல் மூன்றடி வைத்துப் பேஸ்மட்டம் போடச் சொல்லுங்கள். தார் ரோடு போடும் ஒவ்வொரு தடவையும் ரோடு நாலைந்து அங்குலம் ஏறும், உங்கள் வாசல் ஏறாது.